தனிக்கட்டைகளின் ஞாயிற்றுக்கிழமை

சென்னைத் திருவல்லிக்கேணியில் வசிக்கும் ஜனங்களை இரண்டு வகுப்பாகப் பிரிக்கலாம். வீடு, வாசல், குடித்தனம் என்று உள்ளவர்கள் ஒரு வகுப்பு. ஒரு பெட்டி, ஒரு தலையணை, ஒரு பிளாஸ்டிக் வாளி ஆகிய இம்மூன்றையே ஸ்தாவர ஜங்கம சொத்தாகக் கொண்டவர்கள் மற்றொரு வகுப்பு. முதல் வகுப்பார் தெருவில் வசிக்கிறார்கள். இரண்டாம் வகுப்பார் 'மேன்ஷ'னில் வசிக்கிறார்கள்.

மேன்ஷன் என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு மாளிகை என்று பொருள். சீமையில் பிரபுக்கள் குடியிருக்கும் பெரிய வீட்டுக்கு இந்தப் பெயர் வழங்குவதுண்டு. திருவல்லிக்கேணி மேன்ஷனுக்குள் நுழைந்து பார்க்கும் நேயர்கள், இந்தப் பெயரைச் சூட்டிய மகானுபாவர் நகைச்சுவையில் கைதேர்ந்தவராக இருந்திருக்க வேண்டும் என்றே முடிவு செய்வார்கள். ஒடுக்கமான மாடிப்படி, படியின் திருப்பத்தில் ஒரு சுவாமி படம், நீண்ட நடை, நடையின் இருபுறமும் வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் இரண்டு அல்லது மூன்று கட்டில்கள். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஆணியில் சட்டை, ஜன்னலில் துண்டு, கட்டிலடியில் செருப்பு. கோடைக்காலத்தில் மின்விசிறி சுழலுவது காற்றுக்காகவா அல்லது உஷ்ணத்தைச் சமமாகப் பங்கிடுவதற்காகவா என்பது இன்னும் தீராத விவாதம்.

உத்தியோக நிமித்தம் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு நாமும் இப்படி ஓர் 'மாளிகை'யில் ஜாகை வைத்திருப்பதால், இங்குள்ளவர்களைப் பற்றி ஓரளவு அதிகாரத்துடன் எழுதலாம் என்று நினைக்கிறோம். வேலையில் இருப்பவர்கள் பாதிப் பேர். வேலை தேடுபவர்கள் பாதிப் பேர். மருந்து விற்பனைப் பிரதிநிதி, வக்கீல் குமாஸ்தா, தேர்வாணையப் பரீட்சைக்கு நான்காவது முறையாகப் படிக்கிறவர், சினிமாவில் உதவி டைரக்டராக இருந்து என்றாவது ஒரு நாள் டைரக்டராகப் போகிறவர், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர் எல்லோரும் ஒரே குழாயடியில் பல் விளக்குகிறார்கள். திங்கள் முதல் சனி வரையில் ஒருவர் முகம் ஒருவருக்கு நன்றாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் இவர்கள் மனிதர்களாகப் பிரசன்னமாகிறார்கள்.

ஞாயிறு எப்படிப் புலருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். கிரஹஸ்தர்கள் வீட்டில் அன்று காபி மணம் எழும்பும். மேன்ஷனில் சோப்புத் தூளின் மணம் எழும்புகிறது. ஆறு நாள் அழுக்கையும் ஒரே நாளில் கரைத்தாக வேண்டும். மொட்டை மாடியில் கட்டியுள்ள கொடிகளோ சொற்பம், துணிகளோ ஏராளம். ஆகையால் மற்ற ஆறு நாளும் எட்டு மணி வரை தூங்குகிறவர்கள்கூட, விடுமுறை நாளில் மாத்திரம் ஐந்தரை மணிக்கு எழுந்து கொடியில் இடம் பிடிக்கிறார்கள்! 'இன்றைக்குத்தான் நன்றாகத் தூங்க வேண்டும்' என்று சனிக்கிழமை இரவு சங்கற்பம் செய்துகொண்டவர்களும் இதற்கு விலக்கல்ல. ஒன்பது மணிக்கெல்லாம் மாடியில் ஏறிப் பார்த்தால், பலவித வர்ணச் சட்டைகள் வங்காள விரிகுடாவின் காற்றை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு, அவற்றின் சொந்தக்காரர்களைவிட உல்லாசமாகக் காட்சியளிக்கும்.

துணி காய ஆரம்பித்ததும் வயிறு காய ஆரம்பிக்கிறது. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1948 முதல் நடந்துவரும் ரத்னா கபேயின் இட்டிலியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே சாம்பாரில் இட்டிலியைத் தொட்டுக்கொள்ளும் வழக்கம் கிடையாது. இட்டிலிதான் சாம்பாரில் ஜலசமாதி அடைகிறது. பரிசாரகர் பாத்திரத்துடன் மறுபடி மறுபடி வந்து ஊற்றுகிறார். குடும்பத்துடன் வருகிறவர்கள் குழந்தைக்கு ஊதிக் கொடுத்து, பெரியவருக்குக் காரமில்லாததைத் தேடி, தாங்கள் சாப்பிடுவதற்குள் இட்டிலி ஆறிவிடுகிறது. தனிக்கட்டைக்கு அந்தக் கவலை இல்லை. பத்திரிகையை மடித்து டம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு வரிக்கு ஒரு கவளமாக அரை மணி நேரம் உண்ணலாம். தனியாக உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவதைப் பரிதாபமாகப் பார்க்கும் பழக்கம் நம் தேசத்தில் இருக்கிறது. அது ஒரு சுகம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். மனைவி முன்னிலையில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு நடை. இந்தப் பேட்டையில் காலால் நடந்து பார்க்கக்கூடியது போல் மிகுதியான சரித்திரம் சென்னையில் வேறு எங்கும் கிடையாது என்பது நம் அபிப்பிராயம். மயிலாப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். முதலில் பார்த்தசாரதி சுவாமி கோயில். பல்லவன் தந்திவர்மன் காலத்துச் சாஸனம் உள்ள பழைய ஸ்தலம். மூலவர் வேங்கடகிருஷ்ணன் மீசையுடன் சேவை சாதிக்கிறார். கையில் சங்கு உண்டு, சக்கரம் இல்லை. உத்ஸவரின் திருமுகத்தில் பாரதப் போரில் பட்ட அம்புத் தழும்புகள். ஆனால் தனிக்கட்டைகள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இங்கே பெருமாள் சகுடும்பமாக எழுந்தருளியிருக்கிறார். தேவி ருக்மிணி, அண்ணன் பலராமன், தம்பி ஸாத்யகி, பிள்ளை பிரத்யும்னன், பேரன் அநிருத்தன் ஆகிய அனைவரும் ஒரே கர்ப்பக்கிரகத்தில். கூட்டுக் குடும்பத்துடன் வாழும் இந்த ஸ்வாமியைத் தரிசிக்க, குடும்பத்தை நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் விட்டுவந்த இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். தரிசனம் ஆனதும் புளியோதரைத் தொன்னையை வாங்கிக்கொண்டு குளக்கரைப் பக்கம் ஒதுங்குகிறார்கள். ஊரில் அம்மா கட்டிக்கொடுக்கும் கட்டுச்சாதத்தின் ஞாபகம் வருவதற்கு அந்தப் புளியோதரையே போதும்.

கோயிலிலிருந்து சற்று நடந்தால் வாலாஜா பள்ளிவாசல். 1795ல் ஆற்காட்டு நவாபின் குடும்பத்தாரால் கட்டப்பட்டது. இரும்பும் மரமும் சேர்க்காமல் கருங்கல்லாலேயே எழுப்பிய கட்டிடம். அங்கே கல்லில் பொறித்திருக்கும் பாரசீகக் கவிதையை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்ற ஹிந்துப் புலவர். இவ்விஷயத்தை நாம் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். மதத்தின் பேரால் மனிதர்களைப் பிரிக்கப் பார்க்கும் பெரியவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து சிறிது நேரம் நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியாரின் இல்லம். 1904ல் 'சுதேசமித்திர'னில் உதவியாசிரியராகப் பட்டணத்துக்கு வந்தவர், புதுச்சேரி வாஸத்துக்குப் பிறகு மறுபடி வந்து சேர்ந்து, கடைசி நாட்களைக் கழித்த வீடு அது. 1921 செப்டம்பரில் அவர் காலமானபோது மயானத்துக்கு உடன் சென்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாமாம். இப்போது வாசலில் பெயர்ப் பலகை இருக்கிறது, உள்ளே படங்கள் இருக்கின்றன, உட்கார்ந்து படிக்கலாம். மேன்ஷன் வாசிகளில் சிலர் மத்தியான வெயிலுக்கு ஒதுங்குவதற்காகவே இங்கே வருகிறார்கள். கவி அதை ஆக்ஷேபிக்க மாட்டார் என்று நம்புகிறோம்.

இதே பேட்டையின் சந்துகளில்தான் கணித மேதை ராமாநுஜனும் ஜாகை தேடி அலைந்தார். 1912 மார்ச்சில் துறைமுக டிரஸ்டில் அவருக்குக் கிடைத்த குமாஸ்தா உத்தியோகத்துக்கு மாதச் சம்பளம் முப்பது ரூபாய். காகிதம் வாங்கக் கட்டாது. ஆகையால் சிலேட்டில் எழுதிக் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதுவாராம். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகப் பிரசித்தம். நம் மேன்ஷனில் நான்காவது முறையாகப் பரீட்சைக்குப் படிக்கும் இளைஞரிடம் ஒரு நாள் இதைச் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "ஸார், அவருக்கு அறை வாடகை யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். சரித்திர ஆசிரியர்கள் பலருக்குத் தோன்றாத கேள்வி! நண்பர்களும் தயாள குணமுள்ள சில அதிகாரிகளும் அவ்வப்போது தாங்கினார்கள் என்று பதில் சொன்னோம். "அப்படியானால் சரி" என்று அவர் மறுபடி புஸ்தகத்தைத் திறந்தார்.

புஸ்தகம் என்றதும் பாரதி சாலையைச் சொல்லாமல் விட முடியாது. பழைய பெயர் பைகிராப்ட்ஸ் ரோடு. அதன் நடைபாதைப் பழைய புஸ்தகக் கடைகள் ஏழைப் படிப்பாளிகளின் கல்பவிருக்ஷம். மூர் மார்க்கெட் 1985ல் தீக்கிரையான பிறகு, பழம் புஸ்தகம் தேடுகிறவர்களுக்கு ஆறுதலான இடங்களில் இதுவும் ஒன்று. அட்டை போன அகராதி, யாரோ ஒரு பெண் மணமாவதற்கு முன் கையெழுத்திட்டு வைத்திருந்த நாவல், போன வருஷத்துப் பரீட்சை வழிகாட்டி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இங்கே பேரம் பேச ஒரு வித்தை உண்டு. வேண்டிய புஸ்தகத்தைத் தொடவே கூடாது. வேண்டாததற்கு விலை கேட்டு, அதிகம் என்று வைத்துவிட்டு, போகிற போக்கில் வேண்டியதை எடுத்து அலட்சியமாக நீட்ட வேண்டும். கடைக்காரருக்கும் இந்த வித்தை தெரியும் என்பதால் பெரும்பாலும் அவர் கேட்ட விலையே முடிவாகிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஸ். டோக்கன் வாங்கிக்கொண்டு, சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் பக்தியுடன் நிற்க வேண்டும். அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்பதை எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை. ஆயினும் எல்லோரும் பார்க்கிறார்கள். சாப்பிட்டு அறைக்குத் திரும்பிக் கட்டிலில் சாய்ந்தால் மணி இரண்டு.

இனி வருவதுதான் கஷ்டமான பகுதி.

ஞாயிற்றுக்கிழமையின் பிற்பகல் மூன்று மணியைப் போன்ற ஒரு நேரம் வாரத்தில் வேறு கிடையாது. துணி காய்ந்துவிட்டது. தூக்கம் கலைந்துவிட்டது. கடற்கரைக்குப் போக வெயில் தாழவில்லை. பேச வேண்டியவர்கள் எல்லாம் எங்கோ இருக்கிறார்கள். எந்தச் சுதந்திரத்துக்காக ஆறு நாள் காத்திருந்தோமோ அது முழுசாகக் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேன்ஷன் முழுவதும் கதவுகள் ஒருக்களித்துக் கிடக்கும். நடையில் செருப்பொலி கேட்டால் நான்கு அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில்தான் எல்லா அறைகளிலும் டெலிபோன் பேச்சு ஆரம்பமாகிறது. சுவர் மெல்லியது, ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"சாப்பிட்டேம்மா... ஆமாம்மா, பொரியல், அப்பளம், பாயசம் எல்லாம் இருந்தது."

அடுத்த அறை இளைஞர் இப்படிச் சொன்ன தினம் அவர் சாப்பிட்டது இரண்டு வாழைப்பழமும் ஒரு பன்னும் என்பது நமக்குத் தெரியும். அவர் மாதக் கடைசியில் மெஸ்ஸுக்குப் போகும் வழக்கமில்லை. முதல் தேதியன்று ஊருக்கு அனுப்பும் தொகையை மட்டும் அவர் குறைப்பதில்லை. மறுமுனையில் அந்தத் தாயார் தன் முழங்கால் வலியைப் பற்றி என்ன மறைத்தாளோ, யார் கண்டது? கிராமத்துக்கும் பட்டணத்துக்கும் நடுவே வாரந்தோறும் இத்தகைய பொய்கள் எத்தனையோ போய் வருகின்றன. அவற்றை நம்பித்தான் இருபுறத்தாரும் அடுத்த ஞாயிறு வரையில் நிம்மதியாக இருக்கிறார்கள்.

பேச்சு முடிந்ததும் அவர் அவசரமாக வர்ணச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, முதுகில் சதுரப் பெட்டியுடன் கிளம்பினார். ஹோட்டல் பலகாரங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவருக்கு. ஊரார் எல்லோருக்கும் விடுமுறையாக இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு நல்ல வருமானமுள்ள நாள். "உமக்கு லீவு நாள் எது?" என்று கேட்டோம். "மழை வந்து, வண்டியும் ரிப்பேரான நாள் ஸார்" என்றார்.

விடுமுறை என்பது சூரியனைப் போலத் தானாக உதித்த வஸ்து என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பம்பாய் மில் தொழிலாளிகளுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல வருஷம் போராடியபின் 1890ல்தான் அங்கே ஞாயிறு ஓய்வு கிடைத்தது. நம் சென்னையில் 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளிகளுக்காக பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் முன்னின்று தொழிற் சங்கம் அமைத்தார்கள். தேசத்திலேயே முறையாக அமைந்த முதல் தொழிற் சங்கம் என்று அதைச் சொல்வார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போதிய அவகாசம் இல்லை என்பதும் அந்தத் தொழிலாளிகளின் குறைகளில் ஒன்று. 1923 மே முதல் தேதியன்று சிங்காரவேலர் தேசத்தின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில். கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒரு நாள் முழு ஓய்வு உண்டு என்று 1947ல் சட்டம் ஏற்பட்டது. நின்றபடியே வேலை செய்யும் கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார ஓர் ஆசனம் தர வேண்டும் என்று சட்டத்தில் சேர்ப்பதற்கு 2021 ஆம் வருஷம் ஆயிற்று! பலகாரம் சுமக்கும் இளைஞர்களைப் போன்றவர்களுக்காகத் தமிழ்நாடு அரசாங்கம் 2023ல் ஒரு நலவாரியம் அமைத்தது. வாரியம் வந்தது நல்லதுதான். அந்த இளைஞருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும் நாள் எப்போது என்பதே நம் கேள்வி. நாம் கட்டிலில் படுத்தபடி விரலால் தட்டி வரவழைக்கும் பஜ்ஜியின் விலையில் அவருடைய விடுமுறையும் அடங்கியிருக்கிறது.

இதுவரையில் ஆண்பிள்ளைகளையே சொல்லி வந்தோம். பட்டணத்தில் தனியாக வசித்து உத்தியோகம் பார்க்கும் பெண்கள் இப்போது ஏராளம். அவர்களுக்கும் ஞாயிறு உண்டு; அவர்கள் விடுதிகளுக்குக் கூடுதலாக, இரவில் சாத்தும் ஒரு வெளிக் கதவும் உண்டு. கடற்கரைச் சாலையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ் கட்டிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு இந்த ஞாபகம் வரும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842ல் எழுந்த கட்டிடம் அது. 1897 பிப்ரவரியில் விவேகானந்த சுவாமிகள் அங்கே தங்கினார். அதற்குப் பின் சகோதரி சுப்புலட்சுமி, பால்ய விதவைகளை அங்கே வைத்துப் படிக்கச் செய்து ஆசிரியைகளாக்கினார். வீட்டு மூலையை விட்டு வெளிவந்து, பெண்கள் சேர்ந்து தங்கிப் படித்து, கடற்காற்று வாங்கிய அந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். தன் சம்பாத்தியத்தில் ஓர் அறையும் அந்த அறைக்கு ஒரு சாவியும் உள்ள இன்றைய பெண்களுக்கு அவர்கள் பாட்டிமார் முறை.

ஐந்து மணிக்கு மேன்ஷன்கள் காலியாகின்றன. சந்துகளிலிருந்து வாய்க்கால் போலக் கிளம்பும் கூட்டம் பாரதி சாலையில் சேர்ந்து கடலை நோக்கி நடக்கிறது. இந்தக் கடற்கரைக்கு மெரீனா என்று பெயரிட்டு உலாவும் சாலை போட்டவர், 1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டப். அவர் துரைமார்கள் காற்று வாங்க ஏற்பாடு செய்தார். நம்மவர்கள் அதைச் சுயராஜ்யப் பேச்சு மேடையாக்கிவிட்டார்கள். திலகர் திடல் என்ற பெயரைக் கேட்டால் இன்றும் முதியவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். ஒலிபெருக்கி இல்லாத நாட்களில் கடலிரைச்சலுக்கு மேல் குரலெடுத்துப் பேசியவர்களின் நுரையீரலை நினைத்தால் இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது. தேவி பிரசாத் ராய் சௌதுரி வடித்து 1959ல் நிறுவிய உழைப்பாளர் சிலையடியில் ஞாயிறு மாலை நின்று பார்க்க வேண்டும். நான்கு பேர் பாறையை நெம்பிக்கொண்டேயிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு வார உழைப்பை இறக்கி வைத்தவர்கள் படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

மணலில் தனியாக உட்காருகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கடலைப் பார்ப்பது ஒரு காரியமாக ஜனங்களால் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. தேங்காய் மாங்காய்ப் பட்டாணிச் சுண்டல் ஒரு பொட்டலம், மிளகாய் பஜ்ஜி இரண்டு. பக்கத்தில் ஒரு குடும்பம் வட்டமாக உட்கார்ந்திருக்கும். அவர்கள் குழந்தையின் பந்து உருண்டு வந்து நம் காலில் முட்டும். எடுத்துக் கொடுத்தால் குழந்தை ஒரு நிமிஷம் நம்மைப் பார்த்து நிற்கும். ஊரில் நம் குழந்தை இந்நேரம் எழுத்துப் பலகையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கும் என்று தோன்றும். பிறகு பந்து மறுபடி வரும். இந்தத் தடவை அது வேண்டுமென்றே உருட்டியது.

கலங்கரை விளக்கத்தின் ஒளி சுற்ற ஆரம்பித்ததும் கூட்டம் கலைகிறது. திரும்பும் வழியில் எல்லோரும் ஓரிடத்தில் நிற்கிறார்கள். சந்து முனையில் இஸ்திரி வண்டி. ஞாயிறு இரவில் அந்த வண்டிக்காரருக்கு ஒழிவு கிடையாது. காலையில் கொடியில் இடம் பிடித்துக் காயவைத்த சட்டைகள் எல்லாம் இப்போது அவருடைய பலகைமேல் குவிந்திருக்கின்றன. பெட்டியைத் திறந்து கரியை விசிறி, நீர் தெளித்து, காலர், கை, முதுகு என்று வரிசையாக அழுத்திக்கொண்டே வருகிறார். "நாளைக்கு இன்டர்வியூ, இதை முதலில் போட்டுத் தாருங்கள் அண்ணே" என்று பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர் கெஞ்சினார். அண்ணன் குவியலுக்குள் கைவிட்டு அந்த வெள்ளைச் சட்டையைச் சரியாக உருவி எடுத்தார். மடித்துப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தபோது, "இதற்குக் காசு வேலை கிடைத்த பிறகு கொடு, தம்பி" என்று சொல்லி, அடுத்த சட்டையை விரித்தார்.